லைன் என்றால் வீடு

மாட்டுப்பட்டி
9 ஜூன் 2025

ஜீவி,

'அன்புள்ள'ன்னு போட மனசு வரல. அதனால போடல.

போன்ல உன்னைய அடைச்சு வச்சிட்டேன். இனி நீ கூப்பிட்டா எனக்கு மணி அடிக்காது. வாட்ஸப்பும் கெடையாது. நாங்க வெளக்குப் போட்டத, அணைச்சத எல்லாம் ஒங்க கம்ப்யூட்டர் ஊருக்கே படம் போட்டுக் காட்டியாச்சு. இதுல நான் பேசுறதையும் எதுக்கு அதுக்குள்ள போடணும்? ஏதாச்சும் சொல்லணும்னு இருந்தா தாள்ல எழுதித் தபால்ல போடு. நான் வேலை பாக்குற சாக்லேட் கடை அட்ரஸ் ஒனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வாரேன். போன வாரம் எங்க செம்பாறை எஸ்டேட்டு மேல் டிவிஷன்ல கம்பெனிக்காரய்ங்க நோட்டீஸ் ஒட்டிருக்காய்ங்க. ரெண்டு பூட்டுன வீட்டுலயும், எங்கம்மா வேலுத்தாய் வீட்டுக் கதவுலயும். மலையாளத்துல, 'ஆள்தாமசமில்லாத்த வீடு'ன்னு போட்டிருக்கு. அதாவது குடியே இல்லாத வீடாம். ஒரு வருசமா யாரும் அங்க இல்லையாம். கம்பெனிக்குத் திருப்பிக் குடுத்துரணுமாம். அந்தத் தாள ஒட்டுறப்ப எங்கம்மா உள்ளதான் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்திருக்காக. சத்தம் கேட்டு வெளிய வந்து "என்னய்யா ஒட்டுற"ன்னு கேட்டிருக்காக. ஒட்டுன பய ஒண்ணும் சொல்லாம பசை வாளியத் தூக்கிட்டுப் போயிட்டான். இல்லாத மனுசிக்குப் பதில் சொல்லக் கூடாது போல.

வீடு என் தம்பி பாண்டீஸ்வரன் பேர்ல இருக்கு. அவன் கீழ் டிவிஷன் பேக்டரில ஷிப்டு பாக்குறான், அங்கிட்டே படுத்துக்கிருவான், லீவு கெடச்சாத்தான் மேல வருவான். அம்மா கொழுந்து கிள்ளுற வேலைல இருந்து ரிட்டயராகி அங்கனதான் தனியா இருக்காக. அவுகளுக்கு வேற போக்கிடம் கெடையாது. மாட்டுப்பட்டில நான் இருக்கிற ரூம நீ பாத்திருக்க, நாலு பேரு படுத்தா அஞ்சாவது ஆளு நிக்கத்தான் வேணும்.

மேனேஜர் ஆப்பீசுல போய்க் கேட்டேன். "எல்லாம் பாலக்காட்டு இன்ஸ்டிட்யூட்டோட கணக்கும்மா, ஊர்ஜக்களம்னு ஒரு தளம், யாரு வேணும்னாலும் பாக்கலாம், அந்த வீட்டுல கரண்டு ஓடவே இல்ல"ன்னாக. ஊர்ஜக்களம்! அந்தப் பேரு எனக்குத் தெரியாதா? அந்தப் பேரு போட்ட பனியன மாட்டிக்கிட்டு வந்து எங்க வீட்டு மூஞ்சில மீட்டர் மாட்டுனவ நீதான?

மாட்டவே விடமாட்டேன்னு நின்னா பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அத்தை. நாந்தான் அவ கையப் பிடிச்சுப் பேசுனேன். "சித்தூர் காலேஜுல எங்கூட ஒரே ஹாஸ்டல் ரூமு, நம்ம புள்ள அத்தே"ன்னு சொன்னேன். இன்னைக்கு அவ என்னையப் பாத்துட்டுப் பக்கத்துல காறித் துப்பிட்டுப் போறா. அவளச் சொல்லிக் குத்தமில்ல. எனக்கே என் வாயக் கழுவணும் போல இருக்கு.

இன்னொண்ணு கேளு. அந்த வீட்டையெல்லாம் இடிக்கப் போறதில்லையாம். வெள்ளையடிச்சு டூரிஸ்டுக்கு விடப் போறாகளாம். 'ஒரு ராத்திரி தேயிலைத் தொழிலாளியா வாழ்ந்து பாருங்க'ன்னு. தொழிலாளிய வெளிய தள்ளிட்டு அவ வீட்டுல படுத்து அவளா வாழ்ந்து பாப்பாய்ங்களாம். 

பதில் சொல்லு.

முருகேஸ்வரி

*

சித்தூர்
16 ஜூன் 2025

முருகு,

உன்ற கடுதாசி வந்துச்சு.  நோட்டீஸு வந்தது எனக்கு நெம்ப வெசனமா இருக்குது. ஆனா எம்மேல பழி போடறதுக்கு முன்னால நீ கொஞ்சம் நெதானமா கேக்கோணும்.

நாங்க ஊர்ஜக்களத்துல போட்டதுல யாரு பேரும் இல்ல. கணக்கு ஏத்தறதுக்கு முன்னால பேரு, போன் நம்பரு, மேப்புல ஊடு இருக்கற எடம் எல்லாத்தையும் நானே என்ற கையால அழிச்சேன். அது எங்க ஆப்பீஸு வழக்கம். உள்ள இருக்கறது வெறும் கரண்டு அளவு. அத வெச்சு இது இன்னாரு ஊடுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

இந்தத் தளம் எதுக்குன்னு உனக்குச் சொல்லியிருக்கறேன். ஆளாளுக்கு அளந்து ஆளாளுக்குப் பெட்டில பூட்டி வெச்சுக்கறாங்க, அதனால ஒரே வேலைய நூறு பேரு நூறு தரம் செய்யறாங்க. அதுக்குத்தான் எல்லாரும் அளந்தத ஒரே எடத்துல பொதுவுல போட்டு, எவ்வளவு ஏழைக் காலேஜுப் பையனும் எடுத்துப் படிக்கற மாதிரி பண்ணியிருக்கறோம். மலைல எஸ்டேட்டு ஊடுகளுக்குக் கரண்டு பத்தலைன்னு கவர்மெண்டுல பேசறதுக்கே உங்க கணக்கைத்தான் காட்டறாங்க. எங்க தோப்பு மோட்டாரு ஓடறதுகூட அதுல இருக்குது. எங்கய்யன் ஒரு வார்த்தை சொன்னதில்ல.

எனக்கென்னமோ கம்பெனிக்காரங்களுக்கு உங்க டிவிஷன்ல எவனோ போட்டுக் குடுத்திருக்கறான். அவன மறைக்கறதுக்குக் கம்ப்யூட்டரு மேல சாக்குச் சொல்றாங்க. நீ நல்லா விசாரி.

அம்மாவக் கேட்டதாச் சொல்லு. அவங்க வெச்ச காரக்கொழம்பு இன்னும் நாக்குல இருக்குது.

ஜீவிதா

*

மாட்டுப்பட்டி
23 ஜூன் 2025

ஏ ஜீவி,

காரக்கொழம்பப் பத்தி எழுதாத. பத்திக்கிட்டு வருது எனக்கு.

நெதானமாக் கேக்கச் சொன்னயில்ல, கேட்டேன். கடைக்கு லீவு சொல்லிட்டு மூணாறுல ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் அந்த ஊர்ஜக்களத்தத் தொறக்கச் சொன்னேன். பாஸ்வேர்டு கேக்கல, நீ யாருன்னு கேக்கல. கோயில் சுண்டல் மாதிரி எல்லாருக்கும் தொறந்து கெடக்கு. செம்பாறைன்னு போட்டோம், வந்துருச்சு. எஸ்டேட்டு, டிவிஷன், அதுக்குப் பக்கத்துக் கட்டத்துல 'லைன் 7', அதுக்குப் பக்கத்துல 'யூனிட் 4', அதுக்கு நேரா வரிசையாப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

பேர அழிச்சுட்டோம்ங்கிற. எங்களுக்கு எதுக்குடி பேரு? ஏழாம் லைனு நாலாம் வீடு, அதுதான் எங்கம்மா. ரேஷன் கார்டுல அதுதான். தபால்காரருக்கு அதுதான். எங்க அப்பா குருசாமி செத்தப்ப சங்கத்துப் போர்டுல எழுதுனதும் அதுதான். எங்க ஊர்ல பேரு ஒண்ணா நாலு வேலுத்தாய் இருப்பா. ஏழாம் லைனு நாலாம் வீடு ஒண்ணுதான் இருக்கும்.

நீ என்னத்த நெனச்ச அந்தக் கட்டத்தப் பாத்து? காலேஜு லீவுல எனக்குக் கடுதாசி எழுதுவியே, கவர்ல என்ன அட்ரஸ் போட்ட? அப்பயெல்லாம் அது வீடுன்னு தெரிஞ்சுதான எழுதுன?

எல்லாத்தையும் அழிச்சேன் என் கையாலன்னு எழுதிருக்க. எங்க வீட்டுப் பேர மட்டும் ஏன் விட்ட?

முருகேஸ்வரி

*

சித்தூர்
1 ஜூலை 2025

முருகு,

நாலு தரம் எழுதிக் கிழிச்சுப்போட்டேன்.

நான் உன்ற கவர்ல எழுதுனது லயம்னு. அந்த வரிசை ஊட்டக் காலேஜுல நீ வாயில லயம்னுதான் சொல்லுவ. நான் அப்படியே லயம் 7ன்னு எழுதுவேன், தபாலும் வந்து சேந்துரும். அதனால லயம் வேற, லைனு வேறன்னே என்ற புத்தில இருந்துச்சு. மீட்டரு மாட்டறப்ப பாரத்த இங்கிலீஷுல ரொப்புனது எங்க ஆப்பீஸு ஜிஸ்மி. அவ கோட்டயத்துக்காரி, பாவம், பக்கத்துல யாரோ சொன்னத அப்படியே எழுதிட்டா.

எங்கூர்ல "லைனு வந்துச்சா"ன்னு கேட்டா கரண்டு வந்துச்சான்னு அர்த்தம். "லைனு போயிருச்சு"ன்னா மோட்டாரு நின்னு போச்சுன்னு அர்த்தம். கணக்கச் சரி பாக்க உக்காந்தப்ப லைன் 7ன்னு பாத்தேன். டிரான்ஸ்பார்மர்ல இருந்து போற ஏழாவது கம்பின்னு எடுத்துக்கிட்டேன். யூனிட்டுன்னா மீட்டருப் பெட்டின்னு எடுத்துக்கிட்டேன். கம்பி நம்பரு ஆராய்ச்சிக்கு வேணுமேன்னு பத்திரமா உட்டுப்போட்டேன். தெரியாத எடத்துல தெரிஞ்ச மாதிரி நடந்துக்கிட்டேன், அதுக்கு எந்த மன்னிப்பும் பத்தாது.

உன்ற கடுதாசி வந்த அன்னிக்கே அந்த ரெண்டு கட்டத்தையும் தளத்துல இருந்து எடுத்துட்டேன். ஆனா எடுத்து என்ன பிரயோசனம். முன்னமே எறக்கி வெச்சவங்க வெச்சவங்கதான்.

நேரா எங்க டைரக்டர் அர்த்தநாரி சார்கிட்டப் போனேன். "கம்பெனிக்கு நாம எழுதோணுங்க சார், பூஜ்யம்னா ஆளில்லைன்னு அர்த்தமில்ல, அந்தக் கணக்க அதுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு எழுதோணுங்க"ன்னேன். அவரு டீயக் குடிச்சு முடிச்சுப்போட்டு, "அம்மிணி, தொறந்த தரவுன்னா தொறந்த தரவுதான். இவன் எடுக்கலாம் அவன் எடுக்கக் கூடாதுன்னு நாம கதவுல நின்னா அது என்ன பொதுத்தளம்?"னாரு. வேதம் ஓதற மாதிரி சொன்னாரு. இதே வாக்கியத்த மேடைல நானும் சொல்லியிருக்கறேன், கை தட்டு வாங்கியிருக்கறேன்.

அதோட உட்டாரா? அந்தக் கம்பெனிக்காரங்க நன்றி சொல்லி மெயிலு போட்டிருக்கறாங்க. 'உங்கள் தரவால் எங்கள் குடியிருப்பு நிர்வாகம் மேம்பட்டது'ன்னு. அத எடுத்துத் தளத்தோட மொத பக்கத்துல 'வெற்றிக் கதைகள்'னு தலைப்பு வெச்சுப் போடச் சொல்லிட்டாரு. போடற வேலை யாருக்கு? எனக்கு. நான் மாட்டேன்னுட்டேன். ஜிஸ்மியப் போட வெச்சாங்க. அந்தப் பக்கத்தப் பாத்தாலே கொமட்டுது முருகு. தளத்தப் பாத்து இல்ல, அத உண்டாக்குன கையப் பாத்து.

அம்மா ஊட்ல ஏன் பூஜ்யம் காட்டுதுன்னு மட்டும் எனக்குச் சொல்லு. ஆளு இருக்கறப்ப பூஜ்யம் வரக் கூடாது.

ஜீவிதா

*

மாட்டுப்பட்டி
10 ஜூலை 2025

ஜீவி,

ஏன் பூஜ்யம்னா கேக்குற? எங்கம்மாவுக்குக் கண்ணுல ஆபரேசன் பண்ணதுலருந்து டியூப்லைட்டு கூசுது. டிவி கெட்டுப் போயி மேல துணி போட்டு மூடிக் கெடக்கு. சமையல் விறகடுப்புல. அடுப்பு வெளிச்சமே போதும்னு இருப்பாக, அணைஞ்சா படுத்துருவாக. வருசமெல்லாம் மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சுக் கடைசில ஆளே இல்லைன்னு ஆயிட்டாக.

நீ பூஜ்யம்னதும் நான் ஒரு கிறுக்கு வேலை பண்ணேன். அம்மாட்ட போய், "இனி எல்லா வெளக்கையும் போட்டு வையுங்க, பகல்லயும் அணைக்காதீக, கம்ப்யூட்டருக்கு நீங்க இருக்கிறது தெரியணும்"னு சொல்லிட்டு வந்தேன். அவுக அப்படியே செஞ்சிருக்காக. மறுபடி போய்ப் பாக்குறேன், வெளிய நல்ல வெயில் அடிக்குது, உள்ள டியூப்லைட்டு எரியுது, அதுக்குக் கீழ எங்கம்மா துண்டால கண்ணக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காக. பக்கத்துல இஸ்திரிப் பொட்டி சுவிட்சுப் போட்டு நிமித்தி வச்சிருக்கு. "போதுமாடி, இப்ப நான் இருக்கேனா?"ன்னு கேட்டாக. எனக்குச் சிரிக்கவா அழுகவான்னு தெரியல.

சேதி பரவி லைனே சேந்துக்கிருச்சு. மூக்கம்மாள் அத்தை தண்ணி சுட வைக்கிற கம்பிய வாளில போட்டுட்டு அம்மாவுக்காகக் காவலுக்கு உக்காந்துட்டா. துப்புனவதான், ஆனா ஆபத்துன்னா வந்து நிப்பா. ஆளாளுக்கு ஒண்ணு போட, பியூஸ் போயி மொத்த லைனும் இருட்டாப் போச்சு.

அதுக்கும் நோட்டீஸ் வந்துருச்சு. 'அறிவிப்புக்குப் பிறகு செயற்கையாக உயர்த்தப்பட்ட பயன்பாடு செல்லாது'ன்னு. கரண்டு எரிக்காட்டி ஆள் இல்ல, எரிச்சா ஏமாத்து. மனுசி நேர்ல நிக்கிறா, அவளப் பாக்க மாட்டாய்ங்களாம். மேனேஜர் எங்கம்மாவுக்கு முன்னாலயே என்கிட்டச் சொல்றாரு, "அவுங்க சொல்றதெல்லாம் எவிடன்ஸ் இல்லம்மா"ன்னு. கொழுந்து நிறுக்கிறப்ப மட்டும் எங்கம்மா கை எவிடன்ஸா இருந்துச்சு.

லேபர் ஆப்பீஸ்ல அபேட்சை மனு குடுத்திருக்கோம். விசாரணைக்குத் தேதி போட்டிருக்கு, ஆகஸ்டு கடைசி. சங்கத்துக்காரரு சொல்றாரு, நோட்டீஸுக்கு முந்தி அம்மா அங்க இருந்ததுக்கு ஏதாச்சும் கணக்குக் காட்டணுமாம். கம்பெனிதான் கரண்டு குடுக்குது, எங்களுக்குன்னு தனி பில்லே கெடையாது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னா சாட்சி இல்லையாம், அவளும் இதே கூட்டமாம். கணக்கு ஒங்ககிட்டத்தான் இருக்கு. ஒங்க கணக்கு எங்கம்மா இல்லைன்னு சொல்லுது.

என்ன செய்ய, சொல்லு.

முருகேஸ்வரி

*

சித்தூர்
19 ஜூலை 2025

முருகு,

ஒரு வழி இருக்குது. சொல்றதுக்கே நாக்குக் கூசுது. ஆனா இருக்குது.

பொதுத்தளத்துல நாங்க போட்டது மணிக்கு ஒருக்கா கூட்டி, கடைசி எண்ணச் சுருக்குன கணக்கு. கொஞ்சமா எரிஞ்சா அது பூஜ்யத்துல போய் உழுந்துரும். மீட்டரு நிசமா அளந்தது நிமிசத்துக்கு நிமிசம். அந்த மூலக் கணக்கு பூட்டுன எடத்துல இருக்குது, யாருக்கும் தரமாட்டோம். நான் நேத்து உள்ள போயி அம்மா ஊட்டத் தேடிப் பாத்தேன். அவங்க அங்கதான் இருக்கறாங்க முருகு. நோட்டீஸுக்கு முந்துன வருசம் பூராவும் இருக்கறாங்க. ஒரு நாளு உடாம ஒரு சின்ன பல்பு எரிஞ்சு அணையுது.

இப்ப நான் சொல்றத நல்லாப் படி. அந்த பல்பு பின்னால கக்கூஸுல இருக்கற பல்பு. நாங்க மீட்டரு மாட்டறப்ப எந்த ஒயரு எங்க போகுதுன்னு பாத்து வெச்சிருக்கறோம். அதனால அந்தக் கணக்கத் தொறந்தா, அவங்க எப்ப எந்திரிச்சுப் போனாங்க, எத்தன நேரம் இருந்தாங்க, எந்த நாளு எத்தன தரம் போனாங்க, எல்லாமே தெரியும். ஒரு வருசத்துக்கு. அதுதான் சாட்சி. வேற சாட்சி இல்ல.

நான் உங்களக் கேக்காம ஒருக்கா தொறந்து வெச்சேன், போதும். அதனால இதை நீ அம்மாகிட்ட முழுசாச் சொல்லோணும். என்ன தெரியும், யாரெல்லாம் பாப்பாங்க, எல்லாத்தையும் அவங்க காதுல போட்டு, அவங்க சரின்னு சொன்னாத்தான் நான் குடுப்பேன். வேண்டாம்னா வேண்டாம். நாம வேற ஏதாச்சும் பாக்கலாம்.

அர்த்தநாரி சார்கிட்ட அனுமதி கேட்டுப்போட்டேன். தரமாட்டாருன்னு நெனச்சேன். கேட்டதும் அவரு கண்ணு மின்னுச்சு பாரு, பந்தில எலை போட்டவனுக்குப் பாயசம் தெரிஞ்ச மாதிரி. "நுண் தரவோட சமூகப் பயன்"னாரு. எனக்கு அங்கயே எந்திரிச்சு வந்துரலாம்னு இருந்துச்சு. உன்ற அம்மாவுக்காக உக்காந்திருந்தேன்.

அம்மா என்ன சொல்றாங்கன்னு எழுது.

ஜீவிதா

*

மாட்டுப்பட்டி
28 ஜூலை 2025

ஜீவி,

அம்மா சரின்னுட்டாக. ஒப்பும் போட்டிருக்காக, கையெழுத்துத் தாள் இதுக்குள்ள இருக்கு. கணக்க அனுப்பு.

மழை ஊத்துது. கடையில ஒரு ஆளுகூட இல்ல. பாண்டீஸ்வரன் லீவு கேட்டு அலையுறான், விசாரணைக்கு வரணும்ல.

சீக்கிரம் அனுப்பு.

முருகேஸ்வரி

*

சித்தூர்
12 செப்டம்பர் 2025

முருகு,

விசாரணை முடிஞ்சு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. உங்கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. கடைக்குப் போன் பண்ணேன், நீ இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்ன மாதிரி இருந்துச்சு.

என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நானே கணக்க எடுத்துக்கிட்டு வர்றதாத்தான் இருந்துச்சு. மொத நாளு சாயங்காலம் அர்த்தநாரி சார் கூப்பிட்டு, "நீ உணர்ச்சிவசப்பட்டிருக்கற, நானே போறேன்"னு சொல்லிட்டாரு. ஆப்பீஸரு முன்னால நாலு வரிக் கடுதாசியும் ஒரு தாளும் குடுத்தாப் போதுங்க சார், படமெல்லாம் வேண்டாங்கன்னு சொல்லித்தான் அனுப்பிச்சேன். தலைய ஆட்டிட்டுப் போனாரு.

ஊடு உங்களுக்கே கெடச்சுதுன்னு எனக்குத் தெரிஞ்சது எப்படின்னு கேளு. தளத்தோட மொத பக்கத்துல பாத்துத்தான். அந்தக் கம்பெனியோட வெற்றிக் கதைக்குக் கீழயே இப்ப இன்னொரு வெற்றிக் கதை. 'ஒரு பல்பு காப்பாற்றிய வீடு.' அம்மாவோட கணக்க அப்படியே படமாப் போட்டு, கீழ லைக்கு போடறாங்க. ஊட்டப் புடுங்குனதும் வெற்றி, திருப்பிக் குடுத்ததும் வெற்றி. ஒரே எலைல நரகலும் வெச்சுச் சோறும் வெச்ச மாதிரி இருக்குது. அந்தப் பக்கத்த எடுங்கன்னு அவரு ரூம்ல நின்னு கத்துனேன். "அந்த அம்மா கையெழுத்து இருக்குதே"ன்னு உன்ற தாள எடுத்து மேசை மேல போட்டாரு.

வேலைய உட்டுப்போட்டேன். எங்கய்யன் மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கறாரு, இருக்கட்டும்.

அந்தத் தாளப் பாத்ததுல இருந்து ஒண்ணு மனசுல அரிச்சுக்கிட்டே இருக்குது. தாளுல "என் வீட்டுக் கரண்டுக் கணக்கைக் காட்டச் சம்மதம்"னு மட்டும் இருக்குது. நான் எழுதுனது எதுவும் அதுல இல்ல. அம்மாகிட்ட நீ எல்லாத்தையும் சொன்னயா முருகு?

ஜீவிதா

*

மாட்டுப்பட்டி
22 செப்டம்பர் 2025

ஜீவி,

சொல்லல.

எப்படிச் சொல்றதுடி? ஒன் கடுதாசியக் கையில வச்சுக்கிட்டுத்தான் மேல ஏறிப் போனேன். அவுக வாசல்ல விறகு ஒடிச்சுக்கிட்டு இருந்தாக. கக்கூஸுன்னு வாயத் தொறந்தா மாட்டேன்னு சொல்லிருவாகன்னு எனக்குத் தெரியும். எங்கம்மா வீட்டுக்கு ஆம்பளை ஆளு வந்திருந்தா அந்தப் பக்கமே போக மாட்டாக, அடக்கிக்கிட்டே உக்காந்திருப்பாக. அப்படிப்பட்ட மனுசி. அதனால "நீங்க இங்கதான் இருக்கீகன்னு காட்டுற கரண்டுக் கணக்கும்மா"ன்னு மட்டும் சொன்னேன். "அம்புட்டுத்தான, காட்டு"ன்னாக. ஒப்புப் போட்டாக. வீடு போயிட்டா அப்பறம் மானத்த எங்க வச்சுக் காப்பாத்தன்னு என் மனசுக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

விசாரணைக்கு நல்ல சேல கட்டிக்கிட்டு வந்தாக. தலைக்கு எண்ண தேய்ச்சு, பூ வச்சிருந்தாக. ஹால் பூரா ஆம்பளைங்க. லேபர் ஆப்பீஸர், மேனேஜர், சங்கத்துக்காரரு, கம்பெனி வக்கீலு, என் தம்பி. ஒங்க அர்த்தநாரி சாரு லேப்டாப்பத் தொறந்து, ஜன்னலச் சாத்தச் சொல்லி, வெள்ளச் சுவத்துல படம் போட்டாரு. நாலு வரிக் கடுதாசியா? முக்கா மணி நேரம் பேசுனாரு. ஒரு குச்சி வேற கையில.

"இந்தச் சின்னக் கோடு ஒவ்வொண்ணும் அந்த அம்மா பின்பக்கக் கழிப்பறைக்குப் போனது"ன்னாரு. எங்கம்மா மொதல்ல கவனிக்கல, எல்லாரும் திரும்பி அவுகளப் பாக்கவும் என்னையப் பாத்தாக. நான் சுவத்தப் பாத்தேன். "மழைக் காலத்துல கூடுதலாப் போயிருக்காங்க"ன்னாரு. மேனேஜர் விடல. "இது தானியங்கி பல்பா இருக்கலாமே, ஆள்தான்னு எப்படிச் சொல்றது?"ன்னு கேட்டாரு. அதுக்கு ஒங்க சாரு படத்தப் பெருசாக்கி, "இந்த வாரத்தப் பாருங்க, கோடு கோடாக் கெடக்குது பாருங்க. இது வயித்துப்போக்கு. மெஷினுக்கு வயித்தால போகாது இல்லீங்களா?"ன்னாரு. ஹாலே சிரிச்சுச்சு. லேபர் ஆப்பீஸரும் கைய வாய்ல வச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. என் தம்பி எந்திரிச்சு வெளிய போயிட்டான்.

அந்தச் சிரிப்பிலயே கேசு முடிஞ்சு போச்சு. ஆள் இருக்குன்னு எழுதி, நோட்டீஸு ரத்துன்னு சொல்லிட்டாக. சங்கத்துக்காரரு கையத் தட்டுனாரு. ஒங்க சாரு எங்கம்மாகிட்ட வந்து கும்பிட்டு, பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாரு. அவரு பல்லப் பாத்து எனக்கு அப்படியொரு அருவருப்பு. அதுக்கு மேல என் மேலயே வந்துச்சு.

பஸ்ஸுல அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தாக. மாட்டுப்பட்டில நான் எறங்குறப்ப மட்டும் ஒண்ணு சொன்னாக. "ஒன் கூட்டாளி தெரியாமச் செஞ்சா. நீ தெரிஞ்சே செஞ்ச." அம்புட்டுத்தான். பஸ்ஸு போயிருச்சு.

அதான் ஒனக்கு எழுதல. ஒன்னைய என்னென்னமோ சொல்லி எழுதுனவ, இத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எழுதுவேன்?

நேத்து மேல போனேன். போற வழிலயே மூக்கம்மாள் அத்தை பிடிச்சுக்கிட்டா. அம்மா இப்பப் பொழுது சாஞ்சா தண்ணிகூடக் குடிக்கிறதில்லையாம், பின்னால போனாலும் இருட்டுலயேதான் போறாகளாம், காட்டுப்பன்னி நடமாட்டம் இருக்குன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாகளாம். நான் டார்ச்சு லைட்டு வாங்கிட்டுப் போயிருந்தேன். அத வாசப்படில வச்சேன், எடுக்கல. உள்ளயும் கூப்பிடல. பின்பக்கம் போயி ஒரு ஸ்டூலப் போட்டு ஏறுனாக, நான் பிடிக்கப் போனதுக்கு "தொடாத"ன்னாக. அந்த பல்பக் கழட்டி, முந்தானையால தூசியத் தொடச்சு, என் கையில குடுத்தாக.

"இந்தா. இதையும் கொண்டு போய்ச் சுவத்துல மாட்டிக் காட்டு"ன்னாக.

வாங்கிக்கிட்டு வந்துட்டேன். வேற என்ன செய்ய?

முருகேஸ்வரி